ஸ்கேட் மீனைத் தொங்கவிட்ட படம் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் பிடித்த "ராட்சதத் திருக்கை" என்று ஒரு படம் வந்திருந்தது. மீனின் வாயில் கொக்கியை மாட்டி அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், கீழே எடை மட்டும் போட்டிருக்கிறது. அதே கடலில் ஐந்து ஆண்டுகளாக நண்பர்களோடு சின்னப் படகில் போய் அதே மீனைத் தேடுகிறவன் நான். படம் பழையதாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் இதழைப் படிக்கும் பிள்ளைகள் பலர் இங்கே படிக்கவும் வேலைக்கும் வருகிறார்கள், சிலர் தூண்டிலும் கையுமாகக் கடலுக்குப் போகிறார்கள். படத்தில் என்ன பார்த்தார்களோ அதைத்தான் அவர்களும் செய்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன மீன் என்று சொல்லிவிடுகிறேன், அது ஸ்கேட். திருக்கை என்றதும் நமக்கு வாலில் இருக்கும் விஷ முள்தான் நினைவுக்கு வரும். இந்த மீனுக்கு அது கிடையாது. வால் நெடுக வரிசையாகக் கூர்முட்கள் இருக்கும், கையைக் கிழிக்கும், விஷம் இல்லை. திருக்கைக்கு உறவுதான், ஆனால் கொட்டும் திருக்கை குட்டி போடும், ஸ்கேட் முட்டையிடும். கால் மீட்டர் நீளம் வரும் கெட்டியான பை போன்ற முட்டை அது. கடலடியில் பாறைக் கற்களுக்கு நடுவே இட்டுவிட்டுத் தாய் போய்விடும், உள்ளே இருக்கும் குஞ்சு வெளியே வர ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். ஒன்றரை ஆண்டு! அத்தனை காலமும் அடிவலையோ சிப்பி வாரும் இரும்புச் சட்டமோ அந்த இடத்தில் போகாமல் இருக்க வேண்டும். ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ரெட் ராக்ஸ், லாங்கே என்ற இடத்தில் இந்த முட்டைகள் ஏராளமாகக் கிடப்பது தெரிந்ததும் 2021-இல் அவசர அவசரமாக அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

அங்கே பிடிபடும் பெரிய மீனுக்குப் பெயர் ஃப்ளாப்பர் ஸ்கேட். 2010 வரைக்கும் அதையும் நீல ஸ்கேட் என்ற இன்னொரு மீனையும் ஒன்றாக வைத்து "காமன் ஸ்கேட்", அதாவது எங்கும் காணப்படும் ஸ்கேட் என்றே அழைத்துவந்தார்கள். அப்புறம்தான் இரண்டும் வேறு வேறு என்று பிரித்தார்கள். ஃப்ளாப்பர் இரண்டரை மீட்டரையும் தாண்டி வளரும், நூறு கிலோவைத் தொடும். பெண் மீன் இரண்டு மீட்டர் நீளத்தை நெருங்கினால்தான் முட்டையிடும் பருவத்துக்கு வரும், அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். இப்படி மெல்ல வளரும் மீனை வேகமாகப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரிஷ் கடலே சாட்சி. அங்கே இந்த மீன் இல்லாமலே போய்விட்டது என்று 1981-இல் கீத் பிராண்டர் என்ற ஆய்வாளர் நேச்சர் இதழில் எழுதினார். எங்கும் கிடைத்த மீன், யாரும் பெரிதாகக் கவனிக்காமலே ஒரு கடலை விட்டுப் போயிருக்கிறது. இன்று அது மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய மீன்பிடிப் படகுகள் இதைக் கரைக்குக் கொண்டுவர 2009-இலேயே தடை வந்துவிட்டது. 2012-இல் ஸ்காட்லாந்து போட்ட ஆணைப்படி தூண்டிலில் பிடிப்பவரும் கொண்டுவரக் கூடாது, கடலிலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் படத்தின் கீழே இதில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

இனி என் கதை. நான் முதன்முதலில் போனது ஒரு வாடகைப் படகில். படகுக்காரர் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் தூண்டிலில்தான் மீன் மாட்டியது, முக்கால் மணி நேரம் இழுத்தேன், முதுகு விட்டுப்போனது. மீன் மேலே வந்ததும் அந்த மனிதர் நீளக் கம்பியில் இருந்த கொக்கியை அதன் சிறகில் குத்தி உள்ளே இழுத்துப் போட்டார். படகில் ரத்தம். மீன் தரையில் கிடந்து சிறகை அடித்தது, அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. ஒருவர் மாற்றி ஒருவர் அதன் அருகில் மண்டியிட்டுப் படம் எடுத்தோம். பத்து நிமிடமாவது இருக்கும். பிறகு தள்ளிவிட்டோம். அது நீந்திப் போனதா, மூழ்கிப் போனதா என்று நான் பார்க்கக்கூட இல்லை, படம் நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் இப்போது என்னிடம் இல்லை, அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நண்பர் ஒருவர் பத்தொன்பது அடிப் படகு வாங்கினார். நாங்கள் நான்கு பேர். வாடகைப் படகில் போவதை விட இது கடினம், எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும், ஆனால் எப்படிச் செய்வது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. சென்ற அக்டோபரில் ஜூரா நீரிணைக்குப் போனதைச் சொல்கிறேன்.

அட்டமியை ஒட்டிய நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே நீரோட்டம் பயங்கரமாக இருக்கும், ஒரு கிலோ ஈயக்குண்டு கட்டினாலும் அடியில் நிற்காது. ஜூராவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவில்தான் காரிவ்ரெக்கன் என்ற பெரிய நீர்ச்சுழி இருக்கிறது, ஓதம் எவ்வளவு வலுவாக ஓடும் என்பதற்கு அதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். காற்று ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் சின்னப் படகில் போகவே கூடாது, அலை செங்குத்தாக எழும். அன்று இரண்டும் அடங்கியிருந்தன. நால்வரும் கரையிலேயே உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரேடியோ வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்கினோம்.

நூற்று முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளத்தின் ஓரம் நங்கூரம் போட்டோம். கயிற்றை முன்பக்கம்தான் கட்ட வேண்டும், பின்பக்கம் கட்டினால் ஓட்டம் படகைப் பின்புறமாக அமிழ்த்திவிடும். கயிற்றின் மேல் முனையில் பெரிய மிதவை கட்டியிருந்தோம். மீன் மாட்டி ஓட ஆரம்பித்தால் மிதவையோடு கயிற்றைக் கழற்றிவிட்டு அதன் பின்னாலேயே போகலாம், மீனும் படகும் எதிரெதிரே இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். முழுக் கானாங்கெளுத்தி ஒன்று, அதோடு ஒரு கணவாய், இதுதான் இரை. தூண்டில் முள்ளின் எதிர்நாக்கை, அதாவது மீன் கழன்று போகாமல் பிடிக்கும் பின்னோக்கிய கூரை, இடுக்கியால் நசுக்கி மழுக்கிவிட்டோம். வளைந்த சர்க்கிள் ஹூக் என்றால் வாயின் ஓரத்தில் மாட்டும், வயிற்றுக்குள் போவது குறைவு. இதற்கு ஆகும் வேலை அரை நிமிடம்தான், ஆனால் கடைசியில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. சின்னச் சுறாக்கள் இரையைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன, நூற்று முப்பது மீட்டரும் மேலே சுற்றி எடுத்து இரை மாற்றி மறுபடி இறக்க வேண்டும். அதுவும் சரிதான், டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். ஓட்டம் நின்று திரும்பும் நேரத்தில் ராட் நுனி இரண்டு முறை ஆடியது, பிறகு ஆடாமல் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போனது. ஸ்கேட் அப்படித்தான், வெடுக்கென்று இழுக்காது, இரையின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். அவசரப்படாமல் விட்டுப் பிறகு நூலை இறுக்கினால், பாறையில் மாட்டியதைப் போல இருக்கும். உடம்பைக் கடலடியில் அப்பிக்கொண்டு கிடக்கும், விடாமல் சீராக இழுத்துப் பிடித்தால்தான் ஒரு கட்டத்தில் விடுபடும். பத்து மீட்டர் தூக்கினால் பதினைந்து மீட்டர் கீழே போகும். மூன்று பேர் மாறி மாறிப் பிடித்தோம். யார் பிடித்தார் என்ற கணக்கு எங்களுக்குள் கிடையாது, மீன் களைத்துச் சாகும் வரை ஒரே ஆள் போராடுவதில் எனக்குப் பெருமை எதுவும் தெரியவில்லை.

முதலில் வந்தது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆண். வாலின் அடியில் இரு பக்கமும் இருக்கும் இன உறுப்புகள் சிறியவை, இன்னும் பருவத்துக்கு வராத மீன். இருவர் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு சிறகையும் தாங்கி, நனைத்து வைத்திருந்த மெத்தென்ற பாயில் படுக்க வைத்தோம். முள்ளைக் கழற்றினோம், நீளமும் அகலமும் அளந்தோம், நேர் மேலிருந்து முதுகை ஒரு படம் எடுத்தோம். உடனே கடலுக்குள் விட்டுவிட்டோம். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

இரண்டாவது வந்தது பொழுது சாய்கிற நேரத்தில். ஐம்பது நிமிடம். பச்சைத் தண்ணீருக்குள் முதலில் ஒரு நிழல், அப்புறம் நிழல் அகன்றுகொண்டே வந்தது, படகின் அகலத்துக்கு வந்துவிட்டது. பழுப்பு முதுகில் வெளிர்ப் புள்ளிகள். அதன் கண் பச்சை கலந்த கருமை, அதை வைத்தும் இது நீல ஸ்கேட் இல்லை என்று அறியலாம், நீல ஸ்கேட்டின் கண் வெளிர் மஞ்சள். பெண் மீன். படகின் விளிம்பில் நாடா ஒட்டி அளவு குறித்து வைத்திருக்கிறோம், அதன்படி இரண்டு மீட்டருக்கு மேல். யாரும் பேசவில்லை. உள்ளே தூக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றோம். அந்த எடையை ஒரு பக்கமாக இழுத்தால் படகு சாயும், அது ஒன்று. இன்னொன்று, தண்ணீரில் கிடக்கும்போது அதன் உடம்பைக் கடல் தாங்குகிறது. எலும்பு இல்லாத, குருத்தெலும்பால் ஆன உடம்பு அது, மேலே தூக்கினால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும். வாயில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

படகோரத்திலேயே முள்ளைக் கழற்றினோம், மழுக்கிய முள் என்பதால் ஒரே திருப்பில் வந்துவிட்டது. நண்பர் எழுந்து நின்று ஐந்து படம் எடுத்தார், நான்கில் தண்ணீரின் பளபளப்புதான் இருக்கிறது. ஒன்று மட்டும் நன்றாக வந்தது. மீன் சற்று நேரம் அசையாமல் கிடந்தது, பிறகு ஒரு சிறகை மட்டும் மடக்கி, திரும்பி, இறங்கிப் போனது. இந்த முறை கடைசி வரை பார்த்தேன்.

எத்தனை கிலோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது, எடை போடவில்லை. பிரிட்டனில் தூண்டிலில் பிடித்ததற்கான சாதனை 1986-இல் டோபர்மோரி என்ற ஊருக்கு அருகே பிடித்த 227 பவுண்டு மீன், சுமார் 103 கிலோ. அதை முறியடிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை இல்லை. ஆனால் முதுகின் படம் எதற்கு என்றால், இந்தப் புள்ளிகள் ஒவ்வொரு மீனுக்கும் வேறு வேறாக இருக்கும், நம் கைரேகை மாதிரி. ஸ்கேட்ஸ்பாட்டர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது, ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் கடல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. தூண்டில்காரர்கள் அனுப்பும் படங்களை ஒப்பிட்டு இது புது மீனா, முன்பே வந்ததா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒரே மீன் அதே நீர்ப்பகுதியில் மறுபடி மறுபடி பிடிபடுவது இப்படியும் தெரியவருகிறது. லாக் சூனார்ட் என்ற கடற்கழி முதல் ஜூரா நீரிணை வரை 2014-இல் இந்த மீனைக் காக்கப் பாதுகாக்கப்பட்ட பகுதி அறிவிக்கப்பட்டது. மீன் ஊரை விட்டு ஊர் ஓடாமல் ஓரிடத்திலேயே சுற்றுகிறது என்றால் அந்த இடத்தைக் காத்தால் மீனையும் காக்கலாம், அதற்கான சான்றில் எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் படங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் இரண்டு படங்களையும் அனுப்பினோம். சின்ன ஆண் பதிவேட்டுக்குப் புதிது. பெரிய பெண்ணை ஏற்கெனவே இரண்டு முறை வேறு யாரோ பிடித்து விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு முறையும் அதை ஒழுங்காக விட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிடிக்கவே வேண்டாமே, சும்மா விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதில் நியாயம் இருக்கிறது, எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் மீனுக்கு அது வேதனைதான். அதற்காகவே நாங்கள் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் கடலில் அது இன்னும் இருக்கிறது என்று காட்டியவர்களில் தூண்டில்காரர்களும் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இனி இப்படிப் படம் வந்தால், மீனை உயிரோடு விட்டார்களா என்று அனுப்பியவரிடம் கேளுங்கள், பதிலைப் படத்தின் கீழே போடுங்கள். தொங்கவிட்ட படம் என்றால் போடவே வேண்டாம். கரைக்குக் கொண்டுவருவது குற்றம் என்பதையும் ஒரு வரி சேருங்கள். பெரிய பெண் மீனின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், இடம் இருந்தால் அதை வெளியிடுங்கள். எங்கள் யாருடைய முகமும் அதில் இல்லை. முதுகும் புள்ளிகளும் தெரிகிற மாதிரி, வெட்டாமல் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வாசகர்