நாய்ப் பண்ணைகளுக்கும் ஒரு திருத்தச் சட்டம் வேண்டும்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2017 ஜனவரியில் உங்கள் அவை ஒரு காரியத்தைச் செய்து காட்டியது. மெரினாவில் இளைஞர்கள் இரவு பகலாகத் திரண்டிருந்த நேரம் அது. 21ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி மசோதா அவையில் நிறைவேறியது. அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, மாநிலம் அதில் கைவைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மிருகவதைத் தடுப்பு, அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17ஆம் இனமாக இருக்கிறது. ஆகவே குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமும் திருத்தலாம். அப்படிச் செய்த திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது.

ஜல்லிக்கட்டு சரியா தவறா என்ற வழக்கை மறுபடி எழுப்ப நான் வரவில்லை. அதே சட்டத்தில், அதே வழியில், இன்னொரு திருத்தம் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். விற்பனைக்காகக் குட்டி ஈனவைப்பதற்கென்றே கூண்டில் வைக்கப்பட்டிருக்கும் பெட்டை நாய்களுக்காகக் கேட்கிறேன்.

விதிகளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜல்லிக்கட்டுத் திருத்தம் வந்த அதே 2017இல், மே மாதம், மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான விதிகளை அறிவித்தது. 18 மாதம் நிறையாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. 12 மாதத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாள் முழுவதும் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய்களுக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்த வேண்டும். பண்ணை நடத்துபவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவற்றை வரைந்தவர்களுக்கு நாயைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது. பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு பருவத்திலும் சேர்க்கை நடத்தினால், ஒரு ஈற்றுக் குட்டிகள் பால் மறந்து உடல் தேறுவதற்குள் அடுத்த சினைக்குத் தயாராக வேண்டியிருக்கும். அது அவளைத் தின்றுவிடும் என்பதால்தான் அந்த 12 மாத இடைவெளி.

இவற்றை மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விதிமீறலுக்கு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வைத்திருக்கும் அபராதம் அதிகபட்சம் 100 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்றும் எழுதியிருக்கிறது; ஆனால் அபராதத்தோடு முடித்துக்கொள்ள அதே பிரிவு இடம் கொடுக்கிறது. உடலைத் திருப்பக்கூட முடியாத கூண்டில் ஒரு விலங்கை அடைத்து வைப்பது போன்ற கொடுமைகள் 11ஆம் பிரிவில் வருகின்றன. அங்கே முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை, இன்றும் அதேதான். முறையாகப் பதிவு செய்ய 5,000 ரூபாய். பதிவே செய்யாமல் நடத்திப் பிடிபட்டால் 100 ரூபாய். ஒரு லாப்ரடார் ஒரே ஈற்றில் ஆறேழு குட்டி போடும், ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய்க்கு விலை போகும். நேர்மையாக நடப்பவருக்குத்தான் செலவு என்று இந்தச் சட்டமே சொல்லிக்கொடுக்கிறது. பதிவு செய்தவர் தவறினால் அவருடைய பதிவை ரத்து செய்யலாம். பதிவே இல்லாதவரிடம் எதை ரத்து செய்வது?

பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது 36ஆம் பிரிவின் மேல்தான். இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது என்கிறது அந்தப் பிரிவு. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். விதிப்படி குட்டியை விற்பதற்கு முன் 56 நாள் தாயோடு விட வேண்டும். கூட்டினால் 119 நாள். அதாவது, ஒரு வயதுகூட ஆகாத பெட்டையைச் சேர்க்கைக்கு விட்ட குற்றம், அந்தக் குட்டி வாங்குபவர் கைக்கு வந்து சேரும்போதே காலாவதியாகிவிடுகிறது. விதியை மதித்து எட்டு வாரம் காத்திருந்தாலே முந்தைய விதிமீறலுக்கு வழக்கு கிடையாது! பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதை வெளியிலிருந்து யாராவது கண்டுபிடித்து, எழுதிக்கொடுத்து, அதிகாரி வந்து பார்ப்பதற்குள் மூன்று மாதம் எங்கே நிற்கும்? ஐந்து ஈற்றுக்கு மேல் ஆகிவிட்டதா என்பதை நிரூபிக்க வேண்டுமானால் ஆண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போக வேண்டும். இந்தப் பிரிவு இருக்கும்வரை அது நடக்காத காரியம்.

31ஆம் பிரிவு இன்னொரு முட்டுக்கட்டை. உறுப்பைச் சிதைப்பது, கொடூரமாகக் கொல்வது, சண்டைக்கு விடுவது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே காவல் துறை வாரண்ட் இல்லாமல் நடவடிக்கை எடுக்கலாம். கூண்டில் அடைப்பதும் ஓயாமல் ஈனவைப்பதும் அந்தப் பட்டியலில் இல்லை. புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் எழுத்தர் கையை விரிப்பதற்குக் காரணம் அவருடைய மனம் அல்ல, சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் உரியது. எட்டாவது முறையாகச் சினையாக்கப்பட்டவளுக்கு அதில் இடம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருத்தி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். பண்ணைகள் கைவிட்ட தாய் நாய்களை நாங்கள் சிலர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இவளைப் பைபாஸ் ஓரம் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். லாப்ரடார் இனம். முன்பற்கள் ஈறு வரை தேய்ந்திருந்தன. கம்பியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்தவை என்றார் மருத்துவர். கம்பி வலைத் தரையிலேயே நின்றதால் விரல்கள் அகன்று விரிந்திருந்தன, நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. முழங்கைகளில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. மடி தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. குட்டி ஈனப் பயன்படாமல் போனதும் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மாடிப்படி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் படியில் முன்கால்களை வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றாள். புல்லில் இறங்க மறுத்தாள். துவைக்கப் போட்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் மூலையில் குவித்து, அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியை முதுகு நெடுகிலும் ஓட்டிப் பார்த்தார்கள். இல்லை. அவள் எங்கே பிறந்தாள், எத்தனை ஈற்று, யார் வைத்திருந்தார் என்று சொல்ல ஒரு காகிதம்கூடக் கிடையாது. குட்டிகளின் வம்சாவளிச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும். அந்தத் தாய் பிறகு என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைச் சட்டம் கேட்க வேண்டும். பண்ணையிலிருக்கும் ஒவ்வொரு பெட்டைக்கும் சிப் எண், ஒவ்வொரு ஈற்றின் தேதி, ஓய்வுக்குப் பின் அவள் யாரிடம் இருக்கிறாள் என்ற விவரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வாரியத்திடம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அதுவே குற்றமாக வேண்டும்.

வாங்குபவர் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியை இடைத்தரகரும் கடையும் விற்க முடியாது. வளர்த்தவரிடமே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வேல்ஸ் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற தாய் நாயின் பெயரால் அந்தச் சட்டம் அழைக்கப்படுகிறது. இங்கே சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கைபேசி விளம்பரங்களிலும் குட்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பதிவு எண் இல்லாமல் குட்டி விற்பனை விளம்பரம் செய்யக் கூடாது, தாயைக் காட்டாமல் குட்டியைக் கொடுக்கக் கூடாது என்ற இரண்டும் தமிழ்நாட்டில் நடைமுறைக்குச் சாத்தியமானவையே.

இதனால் சிறு வளர்ப்பாளர்களின் பிழைப்பு போய்விடும் என்று உங்களிடம் வந்து சொல்வார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இனங்களைத் தலைமுறையாக வீட்டோடு வைத்து வளர்க்கும் குடும்பங்களை நானும் அறிவேன். அவர்களுடைய நாய் வாசலில் படுத்திருக்கும், தோட்டத்தில் ஓடும், எப்போது போய்க் கேட்டாலும் தாயைக் காட்டுவார்கள். இந்தத் திருத்தம் அவர்களை ஒன்றும் செய்யாது. கூண்டில் ஈனவைத்துக் குறைந்த விலைக்கு விற்பவரோடு போட்டி போட முடியாமல் தவிப்பவர்களும் அவர்கள்தான். அதே சமயம், நாட்டு இனம் என்பதற்காக யாருக்கும் விலக்கும் வேண்டாம். சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையே நடத்திய நாட்டு நாய் இனப்பெருக்க மையத்தை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது நினைவிருக்கும்.

மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. 11ஆம் பிரிவின் தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்தும் என எதிர்பார்க்கிறோம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதமே சொன்னது. அது ஜல்லிக்கட்டைத் தடை செய்த அதே தீர்ப்புதான். 2022 நவம்பரில் ஒரு திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. கடும் கொடுமைக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று அதில் இருந்தது. வரைவு வரைவாகவே நிற்கிறது. ஒரே தீர்ப்பின் ஒரு பாதிக்கு 2017இல் நீங்கள் சில நாட்களில் பதில் கொடுத்தீர்கள். மறுபாதி இன்னும் மேசையில் கிடக்கிறது.

எனவே கேட்கிறேன். வணிக இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு நாய்க்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் வேண்டும். 36ஆம் பிரிவின் கெடு, குற்றம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டாக வேண்டும். காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கும் குற்றமாக அது மாற வேண்டும். பதிவில்லாத பண்ணையில் மீட்கப்படும் நாய்களின் பராமரிப்புச் செலவைப் பண்ணைக்காரரே ஏற்க வேண்டும். நான்கைந்து பக்கத்துக்குள் அடங்கும் மசோதா இது. எந்தக் கட்சிக்கும் இதில் இழப்பு இல்லை.

அடுத்த கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, மாநிலத்தில் பதிவு பெற்ற நாய்ப் பண்ணைகள் எத்தனை, கடந்த ஆண்டு எத்தனை பண்ணைகளில் ஆய்வு நடந்தது என்று அமைச்சரிடம் கேளுங்கள். மசோதாவை அந்தப் பதிலிலிருந்து தொடங்கலாம். உங்கள் தொகுதி அலுவலகத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால், சட்டப் பிரிவுகளையும் மருத்துவ அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு எங்களில் யாராவது நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தாய் நாய்களைப் பராமரிக்கும் ஒரு வாக்காளர்,
சென்னை