மணற்காட்டில் எங்களோடு இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்களோடு பாலைவனத்துக்கு வந்த அண்டை வீட்டார் மூவர் குடும்பத்துக்கும், திரும்பும் வழியில் எங்களுக்குக் கைகொடுத்த முகமறியாக் குடும்பத்துக்கும் வணக்கம்.

இரண்டு பகலும் ஓர் இரவும் அங்கே தங்கித் திரும்பி இன்றோடு பத்து நாட்கள் ஆகின்றன. வந்து சேர்ந்த அன்றே வாசலில் நின்று நன்றி சொன்னோம். ஆனால் மூட்டை இறக்கும் அவசரத்திலும் களைப்பிலும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டோம். அந்தக் குறை மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் எல்லோரும் அறிய இதை எழுதுகிறேன்.

அப்பா மறைந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக அம்மா வீட்டைவிட்டு எங்கும் போனதில்லை. வயது 74, முழங்கால் வலி வேறு. அவர் தாமாக வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை, ஒரு முழு இரவு கூரையில்லாத வானத்தின் கீழ் படுத்திருக்க வேண்டும் என்பது. தயங்கித் தயங்கி நான் இதைச் சொன்னபோது, உங்களில் ஒருவர்கூட வயதானவரை மணலில் அழைத்துப் போவதா என்று கேட்கவில்லை. முதல் வீட்டு அண்ணன், மடக்குக் கட்டிலைத் தம் வண்டியில் ஏற்றிக்கொள்வதாக உடனே சொன்னார். மூன்றாம் வீட்டு அக்கா, கூடாரத்திலிருந்து ஒதுக்குப்புறம் வரை அம்மா பிடித்து நடக்க ஒரு கயிறு கட்ட வேண்டும் என்றார். பெற்ற பிள்ளையான எனக்கு அது தோன்றவில்லை.

தண்ணீர்க் கணக்கில் தொடங்குகிறேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அண்ணன் அதை அடித்துவிட்டு 7 லிட்டர் என்று திருத்தினார்; 17 பேருக்கு இரண்டு நாளைக்கு 238 லிட்டர். அதையும் ஒரே வண்டியில் ஏற்றவிடாமல், ஒரு வண்டி எங்கேனும் நின்றுபோனாலும் மற்றவர்கள் தவிக்கக் கூடாது என்று நான்கு வண்டிகளுக்கும் பிரித்து வைத்தார். நாங்கள் போகும் வழி, தங்கும் இடம், திரும்பும் நேரம் அனைத்தையும் தாளில் எழுதி, உடன் வராத தம் தம்பியிடம் கொடுத்து, இரவு ஒன்பது மணிக்குள் அழைப்பு வராவிட்டால் மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லுமாறு கேட்டுக்கொண்டதும் அவர்தான். மணல் தொடங்கும் இடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, சக்கரங்களின் காற்றை 35 பிஎஸ்ஐ அளவிலிருந்து 18க்கு இறக்கினார். காற்று குறைந்தால் சக்கரம் தட்டையாகிப் பரந்து மணலை மிதிக்கும், உள்ளே புதையாது என்று பிள்ளைகளுக்கு அவர் விளக்கியபோது நானும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி அன்று பிற்பகலில் நடந்தது. வறண்ட ஓடை ஒன்றில் மணல் மெத்தைபோல் சமமாகவும், இரு கரையும் காற்றுக்கு மறைவாகவும் இருந்ததால், அங்கேயே தங்கலாம் என்று நான் சொல்லி, கூடாரங்களில் பாதியை அடித்தும் முடித்துவிட்டோம். நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எதிர்வீட்டுப் பெரியவர் கரையோரம் சற்று நடந்து போய்விட்டு வந்து, இங்கே தங்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். முட்புதர்களில் முழங்கால் உயரத்துக்குச் சருகும் குச்சியும் ஒரே திசையில் சிக்கியிருந்ததை அவர் காட்டினார். தண்ணீர் ஓடிய தடம் அது. தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், எங்கோ தொலைவில் மலைப்பக்கம் பெய்த மழை கெட்டியான தரையில் ஊறாமல் இப்படிப்பட்ட ஓடைகளில் திடீர் வெள்ளமாக இறங்கிவிடும் என்றார். அத்தனை உழைப்பும் வீணாயிற்றே என்று என் முகம் சுருங்கியதை அவர் பார்த்திருப்பார். ஆனாலும் ஒரு வார்த்தை கூடப் பேசாமல், அந்த வயதில் முதல் மூட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்கு நடந்தார். அன்று மழை வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. வராத வெள்ளத்திலிருந்து காத்தவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஐயா, என் முகம் சுருங்கியதற்கு மன்னித்துவிடுங்கள்.

மேட்டில் காற்று பலமாக இருந்தது. மணலில் முளை நிற்காமல் பிடுங்கிக்கொண்டு வந்தபோது, உங்கள் வீட்டு இளைஞர்கள் பைகளில் மணல் நிரப்பி, கயிற்றில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துக் கூடாரங்களை நிறுத்தினார்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் வீட்டு மகள் புற ஊதா விளக்குடன் படுக்கைகளைச் சுற்றி வந்தாள். அந்த ஒளியில் தேள்கள் பச்சையாக மின்னும். கண்டெடுத்த இரண்டையும் கொல்லாமல் தொலைவில் விட்டு வந்தாள். காலணியை உதறாமல் அணிவதில்லை என்ற பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் போகவில்லை.

பகலில் 32 பாகை செல்சியஸ் காட்டிய வெப்பமானி, விடியற்காலையில் 9 காட்டியது. காற்றில் ஈரம் மிகக் குறைவு, மேகமும் இல்லை. பகலில் வாங்கிய சூட்டைப் பிடித்து வைக்க ஏதுமின்றி நிலம் விரைவாக ஆறிவிடுகிறது. அம்மா நடுங்குவதைக் கண்டு நான் கரிக்கணப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போனேன். மூன்றாம் வீட்டு அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மூடிய இடத்தில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர்கள் எழாமலே போகலாம். அவர் தம் கம்பளிகள் இரண்டையும் வெந்நீர்ப் பையையும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, தாம் வண்டிக்குள் உட்கார்ந்தே விழித்திருந்தார் என்பதைக் காலையில்தான் அறிந்தோம்.

அந்த இரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமாவாசை இருட்டு. அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கார்த்திகைக் கூட்டத்தையும், சிவந்த ரோகிணியையும், பிறகு எழுந்த திருவாதிரையையும் சுட்டிக் காட்டினார். பெரியவர், ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் மங்கலான திட்டைக் காட்டி, அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்றார். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அப்பாவுக்கும் திருவாதிரைதான் முதலில் கண்ணில் படும் என்றார். அப்பாவின் பெயரை அழாமல் அவர் எடுத்தது அந்த இரவில்தான்.

மறுநாள் நண்பகலில், காலை முழுதும் ஓடியாடித் தண்ணீர் குடிக்க மறந்த என் ஒன்பது வயது மகன் தலைசுற்றி வாந்தி எடுத்தான். செவிலியரான மூன்றாம் வீட்டு அக்கா, இரவெல்லாம் உறங்காதவர், அவனை நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறினார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினார். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ மருத்துவமனைக்குக் கிளம்பியாக வேண்டும் என்று அவர் சொன்ன நொடியில் அண்ணன் வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தார். இருபது நிமிடத்தில் மகன் எழுந்து உட்கார்ந்தான்.

இறுதியாக, பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு. திரும்பும்போது மணல்மேட்டின் ஏற்றத்தில் என் வண்டி நின்றுவிட்டது. நான் பதறி முடுக்கியதில் சக்கரம் சுழன்று அச்சு வரை புதைந்தது. எங்களிடம் இருந்த கயிறு கெட்டித் தரையில் நின்ற வண்டி வரை எட்டவில்லை. மேட்டுக்கு அப்பால் கூடாரம் அடித்திருந்த நீங்கள், யாரும் அழைக்காமலே நீண்ட கயிற்றோடு வந்து, எங்களோடு மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்து வண்டியை மீட்டீர்கள். உங்கள் சிறுமி அதுவரை என் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள்.

உங்கள் கயிறு எங்கள் வண்டியின் கொக்கியிலேயே இருந்துவிட்டது. நீல நிறம், ஒரு முனையில் ஆரஞ்சு நிறத் துணி சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. மணலை உதறிச் சுருட்டி வைத்திருக்கிறோம். இதைப் படிக்கும் எவருக்கேனும் அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நேரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், தாமும் உடன் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
கடைசி வீட்டுக் குடும்பத்தார்