ஐலேண்ட் நைட்டெல்லாம் வேணாமுங்க: ஏற்காட்டு ரிசார்ட் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டுல ரிசார்ட், ஹோட்டல், காட்டேஜ் வெச்சு நடத்துற முதலாளிங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் லேக் பக்கம் பஜ்ஜிக்கடை போட்டிருக்கறவன். உங்கள்ல பாதிப்பேரு கார் கண்ணாடிய எறக்கி எங்கிட்ட மொளகா பஜ்ஜி வாங்கிட்டுப் போயிருப்பீங்க, மூஞ்சி ஞாபகம் இருக்காது, பரவால்ல. போன மாசம் கடலமாவு எண்ணெ வாங்க சேலம் போயிட்டு வர்றப்ப பஸ்சு அடிவாரத்துல நின்னுச்சு, ஜன்னல் வழியா பாத்தா ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். தென்னமரம், கடல், தீப்பந்தம் சுத்தற ஒரு பையன், மேல 'ஐலேண்ட் நைட், சனிக்கிழமை தோறும், டிஜே, ஃபயர் டான்ஸ்'னு எழுதியிருக்குது. எனக்கு சிரிப்பு வந்திருச்சு. கடல் பாக்கணும்னா இங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அரை நாள் பஸ்சுல குந்தியிருக்கணும், 1,500 மீட்டர் ஒசரத்துல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு நிக்கறவனுக்கு எதுக்குங்க தென்னமரம்?

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா நான் அந்த மாதிரி ஒரு தீவுல நெசமாவே 6 வருஷம் குப்ப கொட்டுனவன். மலேசியாவுல லங்காவி, அதுல பந்தாய் செனாங்குன்னு ஒரு பீச்சு, அங்க ஒரு ரிசார்ட் கிச்சன்ல காய் வெட்டறதுல ஆரம்பிச்சு கடைசில தந்தூரி அடுப்பு வரைக்கும் வந்தேன். அதனால ராத்திரி பொழுதுபோக்குன்னா என்னன்னு நீங்க போட்டோல பாத்தத நான் பின்வாசல் வழியா பாத்திருக்கேன்.

அந்த ஃபயர் டான்ஸ் பையன எடுத்துக்குங்க. எங்க பீச்சுலயும் ஒருத்தன் இருந்தான், தெனமும் சங்கிலி நுனியில துணி சுத்தி மண்ணெண்ணெயில நனைச்சு பத்த வெச்சு அர மணி நேரம் சுத்துவான், கூட்டம் ஆன்னு வாயப் பொளந்து பாக்கும், முடிஞ்சதும் நேரா எங்க கிச்சன் பின்வாசலுக்கு வந்து புழிஞ்சு போட்ட எலுமிச்சம்பழத் தோல் இருக்கான்னு கேப்பான், மண்ணெண்ண வாட போறதுக்கு அதைப் போட்டு கைய தேய்ப்பான். முழங்கைக்கு கீழ ஒரு முடி இருக்காது, எல்லாம் கருகிப்போயிருக்கும். அங்கயாவது ஈர மணலு, பக்கத்துல கடல் தண்ணி. இங்க சுத்தியும் சில்வர் ஓக்கு, காஞ்ச சருகு, மாசி பங்குனில காட்டுத்தீ வர்ற மலை. இதுல தீப்பந்தம் சுத்த வெக்கறேங்கறீங்க. புலியப் பாத்து பூன சூடு போட்டுக்கிட்ட கதைதான், ஆனா இங்க சூடு பூனைக்கு மட்டும் இல்ல, பக்கத்து எஸ்டேட்டுக்கும் சேத்துத்தான்.

சரி சத்தத்துக்கு வருவோம். போன மே மாசம், கோடை விழாக் கூட்டம், எங்க வீட்டுக்கு மேல்புறம் இருக்கற ஒரு ரிசார்ட்ல (பேரு வேணாம், அவங்களுக்கே தெரியும்) ராத்திரி பதினொன்ர ஆகியும் பாட்டு நிக்கல. சத்தம்னா காதுல கேக்கறது மட்டும் இல்லீங்க. அடுப்படி பலகையில கவுத்து வெச்ச எவர்சில்வர் டம்ளருங்க ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு டிங் டிங்குன்னு ஆடுது, எங்கம்மா 74 வயசு, எந்திரிச்சு ஒவ்வொரு டம்ளரா எடுத்து தரையில விரிச்ச சாக்கு மேல வெக்கறாங்க, பூமி கீமி அதிருதோன்னு நெனச்சிருக்காங்க பாவம். போன் போட்டேன். ரிசப்ஷன்ல ஒரு தம்பி, ரொம்ப மரியாதையா, அண்ணா கெஸ்ட் கேக்கறாங்கண்ணா பன்னெண்டுக்கு நிறுத்திருவோம்ணான்னான். நிறுத்துனது ஒன்னேகாலுக்கு. காலைல எஸ்டேட் வேலி ஓரம் பாட்டில் ஒடஞ்சு கெடக்குது, அந்த வழியாத்தான் காட்டெருமை எறங்கும், ஸ்கூலுக்குப் போற புள்ளைங்களும் அந்த வழிதான்.

சட்டம் ஒண்ணும் புதுசில்லீங்க. 2000த்துல போட்ட சத்த விதியிலயே ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னுதான் இருக்கு, குடியிருப்புப் பகுதின்னா ராத்திரிக்கு 45 டெசிபல்தான். அரசாங்கம் திருவிழாவுக்குன்னு தளர்த்துனாக்கூட வருஷத்துக்கு 15 நாளு, அதுவும் நடுராத்திரி 12 வரைக்கும்தான். வாரா வாரம் சனிக்கிழமைன்னா வருஷத்துக்கு 52, கணக்கு உங்களுக்கு எங்கள விட நல்லா வரும்.

நீங்க கேப்பீங்க, அப்ப கெஸ்ட் சாயங்காலத்துல என்னதான் பண்ணுவாங்கன்னு. அது நியாயமான கேள்விதான், நான் மறுக்கல. போட்டிங் பொழுதோட முடிஞ்சிரும், அண்ணா பூங்கா சாத்திருவாங்க, ஏழு மணிக்கு மேல இந்த ஊர்ல நடந்து போய் குந்தறதுக்கு ஒரு எடம் கெடையாது, ரூமுக்குள்ள அடஞ்சு கெடக்கறவன் குடிக்காம என்ன பண்ணுவான். பெங்களூர்லருந்து வந்த ஒரு குடும்பம் என் கடையில மூணாவது பிளேட் பஜ்ஜி வாங்குச்சு, பசியில இல்ல, வேற போக்கெடம் இல்லாம. அந்தப் பாப்பா அவங்கப்பாகிட்ட, அடுத்து எங்கப்பா போறோம்னு கேட்டுச்சு, அவரு என்னையப் பாத்தாரு, நான் எண்ணெச்சட்டிய பாத்தேன்.

லங்காவிக்கு 1987லயே வரியில்லா தீவுன்னு அந்தஸ்து குடுத்துட்டாங்க, பீர் வெல மத்த எடத்த விட கம்மி. அப்படின்னா ராத்திரி பூரா பாருலதான் கூட்டம்னு நெனப்பீங்க. இருக்கும், இல்லைங்கல. ஆனா குடும்பமா வந்தவங்க கூட்டம் எங்கன்னா பசார் மாலாம்ல. ராத்திரிச் சந்தைங்க. நம்ம வாரச்சந்தை மாதிரியே ஒரு நாளைக்கு ஒரு ஊரு, புதன்கிழமை குவா, வியாழக்கிழமை எங்களுக்குப் பக்கத்துல தெமோயோங், இப்படியே தீவ சுத்தி வரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ரோட்டோரம் டேபிள் போட்டு குடை விரிச்சிருவாங்க, சாத்தேன்னு குச்சியில கோத்த கறி கரியில வேகும், முர்தபான்னு உள்ள கறி வெச்சு மடிச்ச பரோட்டா, கரும்புச்சாறு, மீன் சுட்டது, பழம், துணி, செருப்பு. விக்கறவங்க அந்தந்த கிராமத்து ஆளுங்க. வெள்ளக்காரன் பக்கத்துலயே உள்ளூர் பாட்டி நின்னு வெங்காயம் வாங்கும். ஒம்பது பத்துக்குள்ள சுருட்டிருவாங்க.

வியாழக்கிழமைன்னா எங்க செஃப் பஃபேக்கு அரிசிய கொறச்சுப் போடச் சொல்லுவாரு. பாதி கெஸ்ட் தெமோயோங் போயிரும்னு அவருக்குத் தெரியும். மொதல்ல எனக்குப் புரியல, நம்ம வியாபாரம் கெடுதேன்னு கேட்டேன். அந்தாளு சிரிச்சுட்டு சொன்னாரு, சந்தைக்குப் போறவன் இன்னொரு நாள் தங்குவான்டான்னு. முதலாளி ஒரு வார்த்த மொணங்கல, லாபில சந்தை எந்தக் கெழம எங்கன்னு அவரே எழுதி ஒட்டி வெச்சிருந்தாரு.

அந்த மாதிரி ஒரு ராத்திரிச் சந்தையத்தான் இங்கயும் கேக்கறேன். ஏழு நாளும் வேணாம், நம்ம ரோட்டுல ராத்திரி காட்டெருமை நிக்கும், நாகலூர் செம்மநத்தம்னு மலை கிராமங்களுக்கு வெளியூரு ஆளுங்கள இருட்டுல வண்டி ஓட்ட விட முடியாது. சனி ஞாயிறு மட்டும், லேக்குப் பக்கம், அஞ்சுலேர்ந்து ஒம்பது. சேலத்துல சாயங்காலம் ஆனா தட்டுவடை செட்டு இல்லாம ஒரு தெருவு இருக்குதா? ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு கேரட்டு துருவல், சட்னி, அத இங்க மேல ஒருத்தர் ஒழுங்கா போடறதில்ல. வாழவந்தி, மஞ்சக்குட்டை பக்கத்துலருந்து மெளகு, பலாச்சொள, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட்டு கொண்டாந்து அவங்களே விக்கட்டும், யேவாரிக்கு போற காசு அவங்க கைக்குப் போகும். சாமைச்சோறு ஆக்கத் தெரிஞ்ச அக்காங்க இருக்காங்க, அந்தச் சோறு உங்க மெனு கார்டுல ஏன் இல்லன்னு யோசிச்சிருக்கீங்களா? 1820கள்லயே அப்ப சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காப்பிச்செடி கொண்டாந்து வெச்ச மலை இது, உங்க ரூம்ல கெட்டிலுக்குப் பக்கத்துல பாக்கெட் காப்பித்தூளு. எனக்கே வெக்கமா இருக்குது.

ஒண்ணு மட்டும் பண்ணிராதீங்க, மலை கிராமத்து ஆளுங்கள கூப்பிட்டு டின்னருக்கு நடுவுல ஆட வெக்காதீங்க. அவங்க ஆடறது அவங்க கோயில் நோம்பிக்கு, அங்க போய் வேணா தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க.

சத்தமே இல்லன்னா கெஸ்ட் வரமாட்டான்னு ஒருத்தர் எங்கிட்ட வாதாடுனாரு, இந்தோனேசியாவுல இருக்கற பாலித் தீவப் பாருங்கன்னாரு. எங்கூட பாத்திரம் கழுவுன ஒருத்தன் பாலிக்காரன். அவங்க ஊர்ல வருஷத்துல ஒரு நாளு ஞெப்பின்னு வரும், தீவே கம்முனு ஆயிரும், தெருவுல ஒருத்தர் நடக்கக்கூடாது, வெளக்கு போடக்கூடாது, ஏர்போர்ட்டையே 24 மணி நேரம் சாத்திருவாங்க, ஹோட்டல்ல தங்கியிருக்கறவனும் உள்ளதான் கெடக்கணும். அதப் பாக்கறதுக்குன்னே டிக்கெட் போட்டு வர்றவங்க இருக்காங்களாம். உங்க ஃப்ளெக்ஸ்ல அந்த பாலி வரல.

எங்கிட்டயும் இருக்கு அந்த மாதிரி ஒரு ராத்திரி. லேடீஸ் சீட்டுங்கற வியூ பாயிண்ட்ல பனி எறங்காத நாளா பாத்து நின்னா கீழ சேலம் மொத்தமும் வெளக்கு வெளக்கா தெரியும், சங்ககிரி ரோடு பக்கம் லாரி வரிசையா நகர்றது கூட எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அங்க ரெண்டு லைட்டு, ஒரு நல்ல டாய்லெட்டு, ஒரு செக்யூரிட்டி, இவ்ளோதான் செலவு. பத்து ரிசார்ட் சேந்தா ஒரு டிஜேக்கு குடுக்கற காசு ஆகுமா?

அப்புறம் டிரைவருங்க. டூரிஸ்ட் வேன் ஓட்டிட்டு வர்றவங்களுக்கு படுக்க எடம் தர்றது உங்கள்ல நாலஞ்சு பேருதான், மத்தவங்க வண்டியிலயே கண்ணாடிய ஏத்திக்கிட்டு குளுருல சுருண்டு கெடக்கறாங்க, விடியக்கால என் கடையில டீ கேக்கறப்ப கண்ணு செவந்திருக்கும். அந்தக் கண்ணோடதான் 20 கொண்டை ஊசி வளைவு எறங்கணும். பார்ட்டி முடிச்ச கெஸ்ட் தானே ஓட்டிட்டுப் போறேன்னு சாவிய எடுத்தா விட்டுராதீங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாவே கேசு, மொத தடவைக்கே 10,000 ரூவா அபராதம் இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டுமே. சாவிய வாங்கி வெச்சுட்டு ஒரு ரூமக் குடுங்க.

அந்த ஃப்ளெக்ஸ் நேத்து பாத்தேன், இன்னும் அங்கயேதான் இருக்குது, ஆடிக் காத்துல ஒரு தென்னமரம் பாதி கிழிஞ்சு தொங்குது. யாராவது பேசணும்னு நெனச்சீங்கன்னா நாலு மணிக்கு மேல லேக் பக்கம் வாங்க, கடையிலதான் இருப்பேன். கார விட்டு எறங்கி வாங்க, பெஞ்சு போட்டிருக்கேன்.