அம்மாவின் பீடி முறமும் கியூபாச் சுருட்டும்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? டொரன்டோவிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. பென்னாகரம் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருக்கலாம். இருந்தும் வரவில்லை. போனிலும் இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டேன். தப்புதான். அதற்குக் காரணம் ஒன்று உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தோப்பில் பெங்களூரா மா இந்த வருஷம் சுமார். மோட்டார் காயில் போய்விட்டது, சரி செய்தாயிற்று. நெட்டையன் பேரனுக்குக் காது குத்தினார்கள், நீ வரவில்லை என்று அவனுக்கு வருத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் மகளும் மருமகனும் என்னைக் கியூபாவுக்குக் கூட்டிப்போனார்கள் என்று மட்டும்தானே உனக்குத் தெரியும்? கனடாவில் இருப்பவர்கள் குளிர் தாங்காமல் ஒரு வாரம் அங்கே போய்விடுகிறார்கள், நாம் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவது மாதிரி. மூன்றரை மணி நேர விமானம். டொரன்டோவில் ஏறும்போது காலுக்குக் கீழே பனி, அங்கே இறங்கினால் நம் மாசி மாத வெயில். வாரதேரோ என்ற இடம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம், அதன் நெடுக இருபது கிலோமீட்டர் வெள்ளை மணல்.

முதல் நாள் சாயங்காலம் மருமகன் ஒரு சுருட்டை வாங்கி வந்து என் கையில் வைத்தார். நம் ஊர்ச் சுருட்டு மாதிரி கருப்பாக, முறுக்கிக்கொண்டு இல்லை. நல்ல காபிக்கொட்டை நிறம், கைக்கு எண்ணெய் பூசியது போல ஒரு வழவழப்பு. தலைப்பக்கம் இலேசாக வெட்டினார். தேவதாரு மரச் சிம்பில் நெருப்பு பிடித்து, சுருட்டை அதில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, ஓரமெல்லாம் ஒரே சீராகக் கனிந்த பிறகு கொடுத்தார். "மாமா, புகையை நெஞ்சுக்கு இழுக்காதீங்க, வாயில வச்சு விட்டுடுங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும்" என்றார். அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசந்துவிடுமாம். நான் அவசரப்படவில்லை. முதலில் மண்வாசனை, அப்புறம் வறுத்த முந்திரி, பாதிக்கு மேல் மிளகுக் காரம். சாம்பல் ஒரு விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. சூரியன் கடலுக்குள் இறங்கி, கரை முழுக்க இருட்டி, மருமகன் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இத்தனை நேரம் எதையுமே செய்யாமல் நான் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று மாப்ளே! அதை அணைக்கக் கூடாதாம், வைத்துவிட்டால் தானாக அடங்கிவிடும் என்றார்கள். அப்படியே வைத்தேன்.

நான் பிடித்தது அந்த ஒரு வாரத்தில் மொத்தம் மூன்றே மூன்றுதான்.

மூன்றாம் நாள் ஹவானாவைத் தாண்டி மேற்கே, பினார் தெல் ரியோ மாகாணத்தில் வின்யாலெஸ் என்ற பள்ளத்தாக்குக்குப் போனோம். செம்மண். நடுநடுவே செங்குத்தாகக் கிளம்பி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். தூரத்திலிருந்து பார்த்தபோது நம் கிருஷ்ணகிரி மலையை யாரோ பத்தாகப் பிளந்து வயலில் நட்ட மாதிரி இருந்தது. ஒரு புகையிலை விவசாயி வீட்டில் இறக்கிவிட்டார்கள். என் வயசுதான் அவருக்கும். இலை உலர்த்தும் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். பனையோலைக் கூரை, உள்ளே இருட்டு, தலைக்கு மேல் அடுக்கடுக்காகக் கழிகளில் இலை தொங்குகிறது. ஏறக்குறைய ஐம்பது நாள் அப்படியே தொங்குமாம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. உங்கள் வீட்டு நடையில் பீடித்தூள் கொட்டி வைத்திருக்கும் சாக்கு, அதே வாசனை.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செடியின் உச்சி இலை வெயிலை அதிகம் வாங்குவதால் காரம், அது மெதுவாக எரியும், நடுவில் வைக்க வேண்டும். இடைப்பட்ட இலை வாசனைக்கு, அடி இலை நன்றாகப் பற்றிக்கொள்வதற்கு. இவற்றை இன்னொரு இலையால் கட்டி, கடைசியில் பட்டு மாதிரி ஒரு மேலிலை. பசை என்று சொட்டுத்தான் தொட்டார். இலைக் கட்டுகளைப் பொதிவது எதில் தெரியுமா? அவர்கள் ஊர்ப் பனையின் உதிர்ந்த மட்டையில். நம் பாக்கு மட்டை மாதிரியே இருக்கிறது. ஆங்கிலத்தில் செரூட் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது எங்கள் 'சுருட்டு'தான் என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். மனுஷன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விளைச்சலில் 90 சதவீதம் அரசு வைக்கும் விலைக்குப் போய்விடும், மீதிதான் தனக்கு என்றார். 2022 செப்டம்பர் 27இல் அடித்த இயன் புயலில் அவர் கொட்டகை தரையோடு படுத்துவிட்டது. அந்த மாகாணத்தில் ஆயிரக்கணக்கான கொட்டகைகள் போயினவாம். ஓலையும் மரமும் பொறுக்கி மறுபடி கட்டியிருக்கிறார். போன பருவத்தில் ஒரு மாங்கூழ் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க லாரியோடு நின்று, விடிந்ததும் கிலோ 5 ரூபாய் என்று கேட்டு நான் அழுதுவிட்டேனே, அதை அவரிடம் சொன்னேன். மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

உனக்குச் சொல்ல வேண்டியது இதற்கு அப்புறம்தான். திரும்பும் வழியில் ஹவானாவில் ஒரு சுருட்டு ஆலை. பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி வரிசை வரிசையாகப் பலகைகள், ஆணும் பெண்ணும் உட்கார்ந்து சுருட்டுகிறார்கள். முன்னால் ஒரு மேடை. அதில் ஒரு பெண் உட்கார்ந்து மைக்கில் செய்தித்தாள் வாசிக்கிறாள்! விசாரித்தேன். 1865இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கமாம். காலையில் பேப்பர், அப்புறம் நாவல். அந்தக் காலத்தில் வாசிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்ன நாவல் என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம். மான்டே கிறிஸ்டோ என்ற பெயர்பெற்ற சுருட்டுக்குப் பெயரே அப்படி வாசித்த ஒரு நாவலிலிருந்து வந்ததுதான். வாசித்தது பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். நான் நிற்கும்போதே தட்டினார்கள். டக், டக், டக் என்று அறை முழுக்க.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியிலிருந்து இலையை எடுத்துத் தகடு வைத்துக் கத்தரித்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கை முடிப்பதற்குள் நீ தினத்தந்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பாய். சிந்துபாத் வந்துவிட்டால் நான் பிடுங்கப் பார்ப்பேன், அம்மா என்னை முறத்தாலேயே அடிப்பார்கள். நீ நன்றாக வாசித்த நாளில் கத்தரிக்கோலை முறத்து விளிம்பில் தட்டுவார்களே, நினைவிருக்கிறதா? குடியாத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அந்த அம்மாவுக்குக் கியூபாவை யார் சொன்னார்கள்?

சரி, வராததன் காரணம். உனக்கென்று ஐந்து சுருட்டு வாங்கினேன். டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, நம் சித்திரை வெயிலில் காய்ந்துவிடாமல் இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிறேன். வந்து இறங்கிய வாரமே நெட்டையன் சொன்னான், பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பின்னால் நீ பீடி பிடித்துக்கொண்டிருந்தாய் என்று. ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம் ஆகவில்லையே மாப்ளே! தங்கச்சி ஐ.சி.யூ. வாசலில் மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது, நான் பார்த்தேன். அம்மா ஒரு பீடி வாயில் வைத்ததில்லை, அந்தத் தூளே அவர்கள் நெஞ்சைத் தின்றது என்று நீதானே சொன்னாய்? புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயையும் தொண்டையையும் சுருட்டு விட்டுவைக்காது என்பதும் எனக்குத் தெரியும். வாங்கியதை உன் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காமல் உன் முன்னால் வந்து அதைப் பற்றிப் பேசவும் முடியவில்லை. அதுதான் மூன்று மாதம்.

ஐந்தையும் மருமகன் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன். உனக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் கத்தியை விற்றார். பிடியில்லாமல், பிறை மாதிரி ஒரு தகடு, அவ்வளவுதான். விளிம்பு தேய்ந்து பளபளக்கிறது. அம்மாவின் கத்தரிக்கோல் இன்னும் அந்தத் தகரப் பெட்டியில்தானே இருக்கிறது? எடுத்து வை.

வியாழக்கிழமை வருகிறேன். தங்கச்சியிடம் களியும் கீரையும் போதும் என்று சொல். அன்றைய பேப்பரை நீ முதலில் படித்துவிடாதே, நான் வந்த பிறகு சத்தமாக வாசி.

உன்
காவேரிப்பட்டணத்தான்