தட்டச்சு செய்தவர்களுக்கும் ஒளித்து வைத்தவர்களுக்கும்

அன்புள்ள முகம் தெரியாத நண்பர்களே,

வணக்கம். தடை செய்யப்பட்ட ஒரு நாவலோ கவிதையோ என்றைக்காவது நம் கைக்கு வந்து சேரும்போது எழுதியவரைத்தான் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அட்டையில் பெயர் வராத சிலர் நடுவில் துணிந்து நிற்காமல் போயிருந்தால் கொண்டாட ஒன்றும் மிஞ்சியிருக்காது. படி எடுத்தவர், ஒளித்து வைத்தவர், எல்லை தாண்டிக் கொண்டுபோனவர், மொழிபெயர்த்தவர், வழக்காடியவர், தங்க இடம் கொடுத்தவர் என்று நீங்கள் பல பேர். உங்களில் சிலர் உயிரோடு இல்லை. பலருடைய பெயர் எங்கும் பதிவாகவே இல்லை. உங்கள் உழைப்பை உட்கார்ந்த இடத்திலிருந்து அனுபவிக்கிற வாசகர் என்ற முறையில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், மனப்பாடம் செய்தவர்களுக்கு. மனப்பாடம் என்றாலே பரீட்சைக்கு உருப்போடுவது என்று மட்டமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. 1930களின் கடைசியில் சோவியத் நகரமான லெனின்கிராடில் அது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் சிறையில் இருந்தார். வீட்டுச் சுவர்களுக்கும் காது இருக்கும் என்ற பயம். தோழியும் எழுத்தாளருமான லிதியா சுகோவ்ஸ்கயா பார்க்க வந்தால், "தேநீர் வேண்டுமா?" என்கிற மாதிரி எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டே அக்மதோவா ஒரு துண்டுத் தாளில் கவிதையை எழுதி நீட்டுவார். லிதியா படித்து, மனதில் ஏற்றிக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுப்பார். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரிந்து போகும். அந்த லிதியாவின் கணவரும் 1938இல் அதே அரசால் சுட்டுக் கொல்லப்பட்டவர்தான். இப்படிச் சில நண்பர்களின் தலைக்குள் மட்டுமே குடியிருந்த அந்தக் கவிதை வரிசை 1963இல் மியூனிக்கில் அச்சானது. சோவியத் நாட்டில் அச்சாக 1987 வரை ஆனது. இத்தனை காலமும் அவர்களில் ஒருவர் வாய் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். லிதியா அம்மா, உங்களுக்கும் உங்களைப் போல வாயைத் திறக்காமல் இருந்தவர்களுக்கும் நன்றி.

சோவியத் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன் விஷயத்தில் நடந்தது வேறு மாதிரி. 1961 பிப்ரவரியில் அவர் வீட்டுக்கு வந்த உளவுத்துறையான கேஜிபியின் ஆட்கள் அவரை விட்டுவிட்டு நாவலைக் கொண்டுபோனார்கள். கையெழுத்துப் பிரதி, தட்டச்சுப் படிகள், கார்பன் தாள், தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ரிப்பனைக்கூட விடாதவர்களுக்கு நண்பர்களின் கணக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு படி கவிஞர் செம்யோன் லிப்கின் வசம் இருந்தது. 1964இல் கிராஸ்மன் இறந்தார். அதன் பிறகும் லிப்கின் பல வருஷம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எழுபதுகளில் அந்தப் படி நுண்படச் சுருளானது (மைக்ரோஃபிலிம்). அந்த வேலையில் அணு விஞ்ஞானி சகாரோவும் எழுத்தாளர் வோய்னோவிச்சும் பங்கெடுத்தார்கள். சுருள் மேற்கே போய், 1980இல் சுவிட்சர்லாந்தில் நாவல் வெளியானது. சகாரோவ் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தச் சுருளைப் பையில் வைத்துக்கொண்டு சுங்கச் சோதனையைத் தாண்டியவருக்கு அன்றைக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அப்புறம், காபூலின் முகம்மது யூசுப் ஆசிஃபி. அவர் மருத்துவர், ஓவியரும்கூட. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தாலிபான் தடை செய்த காலத்தில், காபூலின் தேசிய ஓவியக் கூடத்தில் இருந்த எண்ணெய் ஓவியங்களைச் சரிசெய்வதாகச் சொல்லி உள்ளே போனார். மனிதர்கள் மேலும் விலங்குகள் மேலும் நீர்வண்ணத்தைப் பூசினார். மனிதன் நின்ற இடத்தில் மரம் வந்தது, குதிரை நின்ற இடத்தில் புல்வெளி வந்தது. சோதிக்க வந்தவர்களுக்கு வெறும் இயற்கைக் காட்சிதான் தெரிந்தது. 2001இல் அந்த ஆட்சி விழுந்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார். டாக்டர், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்த வரிசையில் ஒரு சிறை அதிகாரியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கென்யாவில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தன் தாய்மொழியான கிக்குயுவில் ஊர் மக்களோடு நாடகம் போட்டார். அதற்காக விசாரணையே இல்லாமல் 1977 கடைசியில் சிறையில் போட்டார்கள். அங்கே கழிவறைத் தாளில் ஒரு நாவலை எழுதினார். சோதனையில் அது பிடிபட்டுப் பறிபோனது. சில வாரம் கழித்து ஓர் அதிகாரி, இதில் தப்பாக ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயா, நீங்கள் முழுக்கப் படித்தீர்களா, புரட்டிப் பார்த்தீர்களா என்பது எனக்கு முக்கியமில்லை. சரி, உங்களுக்கும் அரை நன்றி. மீதிப் பாதி, சாவி உங்கள் கையில் இருந்ததால் கழித்துக்கொண்டது.

எல்லா உதவியும் உயிரைக் காப்பாற்றவில்லை. நைஜீரியாவில் எண்ணெய் நிறுவனங்களால் பாழான ஒகோனி மக்களின் நிலத்துக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ விவாவை 1995 நவம்பர் 10 அன்று எட்டுப் பேரோடு தூக்கிலிட்டார்கள். உலகம் முழுக்க எழுந்த குரல் அந்தக் கயிற்றைத் தடுக்கவில்லை. ஆனால் ராணுவக் காவலிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் ரொட்டிக் கூடைகளில் ஒளிந்து வெளியே வந்தன. அயர்லாந்துக் கன்னியாஸ்திரி மஜெல்லா மெக்காரன் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு மேனூத் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். கூடையைத் தூக்கியவர்கள் யாரோ, அவர்களுக்கும் நன்றி. தோற்றுப்போன உதவிக்கு நன்றி சொல்வது சங்கடம்தான். சொல்லாமல் விடுவது அதைவிடச் சங்கடம்.

மொழிபெயர்ப்பாளர்களையும் பதிப்பாளர்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. 1989 பிப்ரவரியில் சல்மான் ருஷ்டியின் நாவலுக்கு எதிராக வந்த மரண ஆணை அவரோடு நிற்கவில்லை. 1991 ஜூலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹிதோஷி இகராஷி தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதே மாதம் மிலானில் இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் எத்தோரே கப்ரியோலோ கத்திக்குத்துப் பட்டு உயிர் தப்பினார். 1993 அக்டோபரில் நார்வே பதிப்பாளர் வில்லியம் நைகார்டைச் சுட்டார்கள். பிழைத்து வந்து பதிப்பு வேலையைத் தொடர்ந்தார். அந்த நாவல் பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வி இதில் எனக்கு எழவே இல்லை. இன்னொருவர் எழுதியதைத் தன் மொழிக்குக் கொண்டுவந்த ஒரு பேராசிரியர் அதற்காகச் செத்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் படித்தே வளர்ந்த என் போன்றவர்களுக்கு இகராஷி சொந்தக்காரர் மாதிரி.

இதே கதைச் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. துரத்தப்பட்ட எழுத்தாளர்களுக்கு நகரங்கள் அடைக்கலம் தர வேண்டும் என்ற யோசனை தொண்ணூறுகளில் உருவானது. அதைப் பற்றி 1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ருஷ்டி பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஹென்றி ரீஸ் தன் மனைவியோடு சேர்ந்து 2004இல் அங்கே ஓர் அடைக்கல அமைப்பைத் தொடங்கினார். முதலில் வந்து தங்கியவர் சீனக் கவிஞர் ஹுவாங் சியாங். 2022 ஆகஸ்டில் மேடையில் ருஷ்டி மீது கத்தி பாய்ந்தபோது, அவரோடு உரையாட அமர்ந்திருந்தவர் இதே ரீஸ்தான். அவருக்கும் காயம். பேச இருந்ததோ அடைக்கலம் பற்றி. நார்வேயின் ஸ்டவாங்கரை மையமாகக் கொண்டு 2006 முதல் இயங்கும் வலையமைப்பிலும் பல நகரங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. வாடகை, விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், புரியாத மொழியில் வரும் அரசுக் கடிதங்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் ஊழியர்களே, உங்கள் வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. இதை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர்களுக்கும் வழக்குத் தொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதி அரேபியாவில் பாலஸ்தீனக் கவிஞர் அஷ்ரஃப் ஃபயாத்துக்கு 2015 நவம்பரில் மரண தண்டனை விதித்தார்கள். 2016 ஜனவரி 14 அன்று பல நாடுகளில் அவர் கவிதைகளை ஒரே நாளில் வாசித்தார்கள். வழக்கறிஞர் அப்துல் ரஹ்மான் அல்லாஹிம் விடாமல் வாதாடினார். பிப்ரவரியில் அந்தத் தண்டனை ரத்தானது. ஆனால் அதன் இடத்தில் எட்டு வருஷச் சிறையும் 800 கசையடியும் வந்தன. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், அதற்கு நன்றி. நம் மொழியிலும் ஒரு வழக்கு உண்டு. பெருமாள்முருகன் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்தபோது, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) சார்பில் ச. தமிழ்ச்செல்வன் நீதிமன்றம் போனார். அவர் எழுதட்டும் என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மனுவுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

கடைசியாக, கடிதம் போடுகிறவர்களுக்கு. முன்பின் தெரியாத கைதிக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும் நினைத்ததுண்டு. துருக்கிச் சிறையில் இருந்த குர்திய ஓவியர் ஜெஹ்ரா தோகனுக்கு அவருடைய தோழி ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பினார். வெற்றாக இருந்த பின்பக்கம்தான் ஓவியத் தாள். அங்கே வரைந்தவை ரகசியமாக வெளியே வந்து பிறகு புத்தகமாயின. எகிப்தின் இளம் திரைக்கலைஞர் ஷாடி ஹபாஷ் ஒரு பாடலின் காணொளியை இயக்கியதற்காகப் பிடிபட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்து 2020 மே மாதம் இறந்தார். அதற்குச் சில மாதம் முன் வெளியே வந்த கடிதத்தில், கொல்வது சிறை அல்ல, தனிமைதான் என்ற பொருளில் எழுதியிருந்தார். சாகாமல் இருக்க உங்கள் ஆதரவு வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகு வாழ்த்து அட்டையைக் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 15ஐச் சிறையிலிருக்கும் எழுத்தாளர்களின் நாளாக, உலக எழுத்தாளர்களின் சங்கமான பென் அமைப்பு 1981 முதல் கடைப்பிடிக்கிறது. இந்த முறையும் நீங்கள் உட்கார்ந்து உறை உறையாக முகவரி எழுதுவீர்கள். பாதி போய்ச் சேராது, மீதிக்குப் பதில் வராது. அஞ்சல்தலைக் காசையும் யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
ஒரு வாசகர்