சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியின் தலைப்பு ‘பறப்பவை’. சுற்றறிக்கை போன வாரமே வீட்டுக்கு வந்திருக்கும். ‘மாதிரிகளைப் பள்ளியிலேயே செய்ய வேண்டும், வீட்டிலிருந்து செய்து கொண்டுவரக் கூடாது’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு ஏழெட்டுப் பேர் நேரில் வந்தீர்கள். இரண்டு பேர் கொஞ்சம் கோபமாகவே வந்தீர்கள். அவர்களிடம் சொன்னதை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். நான் பழைய இயற்பியல் ஆசிரியை. விமானப் பேச்சை எடுத்தால் சீக்கிரம் நிறுத்தத் தெரியாது.

முதலில் போன வருஷக் கதை. முதல் பரிசு வாங்கிய ராக்கெட் மாதிரி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விளக்கெல்லாம் எரிந்தது. பரிசைக் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையிடம், “இதில் நீ செய்தது எதும்மா?” என்று கேட்டேன். “பேர் எழுதி ஒட்டினது நான்தான் மிஸ்” என்றாள். மற்றதெல்லாம் கடையில் வாங்கியது. அவள் மேல் தப்பில்லை, பரிசு கொடுத்த எங்கள் மேல்தான் தப்பு. அதே நாள் இன்னொரு மேசைக்கு அடியில் அட்டையில் செய்த காற்றாடி ஒன்று பிய்ந்து கிடந்தது. செய்த பையன் வெட்கப்பட்டு அதை உள்ளே தள்ளி வைத்திருந்தான். நடுவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காற்றாடியை நினைக்கும்போதெல்லாம் பால் மெக்கிரெடி என்ற அமெரிக்கர் ஞாபகத்துக்கு வருவார். சின்ன வயதில் விளையாட்டில் சூரர் இல்லை. கூச்ச சுபாவம், ஒல்லியான உடம்பு, எந்நேரமும் பொம்மை விமானங்களோடு இருந்த பையன். பிறகு இயற்பியல் படித்து, விமானவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் 1956-இல் உலக சாம்பியனும் ஆனார்.

இத்தனை படித்தவரும் ஒரு தப்பு செய்தார். நெருங்கிய ஒருவரின் தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தொழில் கவிழ்ந்தது. ஒரு லட்சம் டாலர் கடன் அவர் தலையில் விழுந்தது. உங்களில் சிலருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

1976-இல் குடும்பத்தோடு காரில் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது இங்கிலாந்துப் பரிசு ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் 1959-இல் அறிவித்தது அது. மனிதன் தன் உடல் வலுவால் மட்டுமே விமானத்தைக் கிளப்பி, அரை மைல் இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்களை எட்டு வடிவில் சுற்றி வர வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் பத்தடி உயரத்தைத் தாண்ட வேண்டும். 5,000 பவுண்டில் ஆரம்பித்த பரிசு, ஆள் கிடைக்காமலே ஏறி ஏறி 1973-இல் 50,000 பவுண்டாகியிருந்தது. டாலரில் கிட்டத்தட்ட ஒரு லட்சம். கடன் தொகையும் பரிசுத் தொகையும் ஒன்று என்று கண்ட பிறகுதான் அவருக்கு இதில் உண்மையான ஆர்வம் வந்தது! இதை அவர் மறைத்ததே இல்லை.

அவருக்கு முன் முயன்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய விமானம் 1961 நவம்பரில், ஓட்டுபவர் சைக்கிள் போல மிதிப்பதாலேயே தரையை விட்டு எழும்பியது. சில நாள் கழித்து ஹாட்ஃபீல்டில் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் செய்த ‘பஃபின்’ எழும்பியது. அடுத்த ஆண்டு அது நேர்கோட்டில் 900 மீட்டருக்கு மேல் போனது. லேசான பால்சா மரத்தில் இழைத்துச் செய்த அழகான வேலைப்பாடு. ஆனால் வளைந்து திரும்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. 1963-இல் பஃபின் விழுந்து நொறுங்கியது. அதைத் திருத்திக் கட்டிய இரண்டாவது பஃபின் பறந்தது 1965-இல். ஒரு விபத்துக்கு இரண்டு வருஷம் போய்விட்டது!

மெக்கிரெடிக்கு வழி காட்டியவை பறவைகள். விடுமுறைப் பயணத்தில் வானத்தில் வட்டமிடும் பருந்துகளையும் கழுகுகளையும் பார்த்துக்கொண்டே மனக்கணக்குப் போட்டார். எடையைக் கூட்டாமல் இறக்கையை மட்டும் மிகப் பெரிதாக்கினால், மெதுவாகப் போனாலும் காற்று தாங்கிவிடும். மெதுவாகப் போக வலுவும் குறைவாகவே வேண்டும், ஒரு நல்ல சைக்கிள்காரரின் கால்வலு போதும். அவர் கண்டது இவ்வளவுதான்.

அப்படிப் பிறந்ததுதான் ‘கோசமர் காண்டோர்’. இறக்கையின் நீளம் 29 மீட்டர், நம் ஊர்ப் பேருந்துகள் இரண்டரையை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். எடையோ சுமார் 32 கிலோ, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் எடை. அலுமினியக் குழாய், பியானோ கம்பி, அட்டை, ஒட்டும் டேப், மேலே பரிசுப்பொருள் சுற்றும் பளபளத் தாள் போல மெல்லிய பிளாஸ்டிக் படலம். பார்க்க விமானம் மாதிரியே இருக்காது, மொட்டை மாடியில் ஏதோ காயப்போட்ட மாதிரி இருக்கும்.

அது எத்தனை தடவை உடைந்தது என்கிறீர்கள்? குழாய் வளைந்தது, கம்பி அறுந்தது, படலம் கிழிந்தது. ஆனால் பழுது பெரும்பாலும் மறுநாளுக்குள் சரியாகிவிடும். உடையாமல் இருக்க வேண்டும் என்று அவர் கட்டவில்லை. உடைந்தால் டேப்பை எடுத்து ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம் என்று கட்டினார். உயரத்திலிருந்து விழும் பயமும் இல்லை, ஏனென்றால் தரையிலிருந்து சில அடி உயரத்தில், சைக்கிள் வேகத்தில்தான் போகும். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட தடவை பறந்து பார்த்த பிறகுதான், திரும்புவதற்கான சூட்சுமம் வரை ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. முன்னால் இருந்த சிறு இறக்கையைச் சாய்த்து, பெரிய இறக்கையை லேசாக முறுக்கினால் விமானம் வளைந்தது.

1977 ஆகஸ்ட் 23. கலிஃபோர்னியாவின் ஷாஃப்டர் விமானத் திடல். சைக்கிள் ஓட்டத்தில் தேர்ந்த, 24 வயது பிரையன் ஆலன் மிதித்தார். எட்டு வடிவம் முடிந்தது. பதினெட்டு வருஷமாக யாருக்கும் கிடைக்காத பரிசு கிடைத்தது.

அடுத்த விமானம் ‘கோசமர் அல்பட்ராஸ்’. 1979 ஜூன் 12 அன்று அதே ஆலன் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் பக்கத்திலிருந்து கடலுக்கு மேலே பிரான்ஸை நோக்கி மிதிக்கத் தொடங்கினார். இதை வகுப்பில் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் சன்னல் பக்கம் பார்க்காது. இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று போட்ட கணக்கு எதிர்க்காற்றில் தவறியது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. பேசும் கருவி பழுதாகி, படகில் வந்தவர்களுக்குத் தலையை ஆட்டித்தான் பதில் சொன்னார். காலில் தசைப்பிடிப்பு. சரி, இனி முடியாது என்று சைகை காட்டிவிட்டு, படகு கயிறு மாட்ட வசதியாகக் கொஞ்சம் மேலே ஏறினார். மேலே காற்று அமைதியாக இருந்தது. படகை விலகச் சொல்லிவிட்டு மிதித்தார். 2 மணி 49 நிமிடத்தில் பிரான்ஸ் கரை. தூரம் 35 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வந்தவர்களில் ஒரு தந்தை, “இதனால் யாருக்கு மேடம் லாபம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிதித்துப் பறக்கும் விமானத்தில் யாரும் வேலைக்குப் போகப் போவதில்லை. லேசான காற்றடித்தாலே அது தள்ளாடும். ஆனால் லேசாகக் கட்டும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் சூரிய ஒளியில் பறக்கும் ‘கோசமர் பெங்குவின்’ வந்தது. அதை முதலில் ஓட்டிப் பார்த்தது மெக்கிரெடியின் 13 வயது மகன் மார்ஷல், சுமார் 36 கிலோ எடை. 1980 ஆகஸ்டில் அதைப் பலர் முன்னிலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியவர் ஜேனிஸ் பிரவுன். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. (எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது கிடைத்த கைதட்டல் வேறு எதற்கும் கிடைத்ததில்லை.) 1981-இல் ‘சோலார் சேலஞ்சர்’ பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வெயிலை மட்டும் நம்பிப் பறந்தது. மெக்கிரெடியின் நிறுவனம் செய்த ஆளில்லாத ‘ஹீலியோஸ்’ 2001-இல் 29 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஏறியது. இரண்டு வருஷம் கழித்து அதுவும் ஹவாய்ப் பக்கம் கடலில் உடைந்து விழுந்தது.

மார்ஷலைப் பற்றிப் படித்ததும் இன்னொன்று தோன்றியது. அந்த வீட்டில் அப்பாவின் வேலைக்குப் பிள்ளை உதவினான். நம் வீடுகளில் பிள்ளையின் வேலையை அப்பா செய்கிறார், சில சமயம் அம்மா இரவு ஒரு மணி வரை விழித்திருந்து செய்கிறார். பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். என் மகனுக்கு நானே ஒரு எரிமலை செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி விதிகள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மதியம் கடைசி இரண்டு பீரியடில் பிள்ளைகள் கிளைடர் செய்வார்கள். ஈர்க்குக் குச்சி, பழைய செய்தித்தாள், கேரி பேக், தெர்மாகோல் துண்டு, நூல், டேப், இவை போதும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை ஒவ்வொருவரும் மூன்று தடவை பறக்கவிடலாம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே பழுதுபார்க்க அரை மணி நேரம். மதிப்பெண் பாதி தூரத்துக்கு, பாதி அந்தப் பழுதுபார்ப்புக்கு. எது உடைந்தது, என்ன மாற்றினேன் என்று பிள்ளையே நோட்டில் எழுத வேண்டும். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவற்றுக்கென்று தனி மேசை போட்டிருக்கிறோம், வாசலை ஒட்டி.

ஒரு எச்சரிக்கை. குடையைப் பிடித்துக்கொண்டு யாரும் மொட்டை மாடி விளிம்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் சுமார் 2,000 தடவை கிளைடரில் பறந்த பிறகு, 1896-இல் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். நம் மைதானத்தில் பறக்கப்போவது காகிதம் மட்டும்தான்.

ஆறரை மணி சீக்கிரம் என்று சிலர் சொன்னீர்கள். எட்டு மணிக்கு மேல் நம் மைதானத்தில் காற்று எழும்பிவிடுகிறது, இந்த வாரம் தினமும் கொடிக்கம்பத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். தேநீர் இருக்கும். நாற்காலி குறைவு, தரையில் உட்காரத் தயாராக வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை