விருதுக் குழுவுக்குப் பொறுப்பேற்றிருப்பவருக்கு

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு,

வணக்கம். தலைமைப் பண்பு, புலமை, சேவை என்ற மூன்று பிரிவுகளில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தரும் விருதுகள் இந்த முறை உங்கள் பொறுப்பு. தேர்வு நாளில் நடுவர்களை எப்படிச் சமாளிப்பது என்ற கவலைதான் முதலில் வரும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். யாருக்கு விருது என்பதில் பாதி, பரிந்துரைப் படிவம் வெளியாகும் அன்றே முடிவாகிவிடுகிறது.

'சிறந்த தலைமைப் பண்புள்ள மாணவர்' என்று மட்டும் அறிவித்தால் வந்து குவிவது பதவிப் பட்டியல். மன்றத் தலைவர், செயலாளர், விழாக்குழு உறுப்பினர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. படிவத்தில் மூன்று கேள்விகள் போதும். பொறுப்பேற்றபோது நிலைமை என்ன? இவர் எடுத்த எந்த முடிவால் எது மாறியது? இவர் விலகிய பிறகும் அது நடக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பலருடைய படிவம் தடுமாறும். ஒவ்வொரு பதிலுக்கும் 150 சொல் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் நன்றாக எழுதத் தெரிந்த பரிந்துரையாளர் யாருக்கு வாய்த்தாரோ அவருக்கே விருது போகும்.

'இதுவரை பெற்ற விருதுகள்' என்றொரு கட்டம் பழைய படிவத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே தரமான வேலைக்கும் ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே கூடுதல் பாராட்டு சேருவதை சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் 'மத்தேயு விளைவு' என்று அழைத்தார். அந்தக் கட்டம் அதற்கு நாமே போட்டுக்கொடுக்கும் பாதை.

சேவைப் பிரிவில் பெரிய குழி, மணிக்கணக்கு. 300 மணி நேரம் சேவை செய்தவர் 80 மணி நேரம் செய்தவரைவிடச் சிறந்தவர் என்று கொண்டால், பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவர் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறார். யாருக்கு என்ன பயன் கிடைத்தது என்று கேளுங்கள். முடிந்தால் பயன்பெற்ற தரப்பிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். பாடத்திட்டத்துக்காகக் கட்டாயமாகச் செய்தது, ஊதியம் பெற்றுச் செய்தது இரண்டும் கணக்கில் சேருமா என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான்.

ஆசிரியர் புலமைக்கு வருவோம். ஒருவரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எண்ணான எச்-இண்டெக்ஸை வைத்துக் கணிதப் பேராசிரியரையும் உயிரியல் பேராசிரியரையும் ஒப்பிடக் கூடாது. துறைக்குத் துறை அந்த எண் மாறும் என்பதை, 2005இல் அதை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். 'உங்கள் சிறந்த மூன்று ஆக்கங்கள், ஒவ்வொன்றும் ஏன் முக்கியம்' என்று கேட்பது மேல். கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இலேயே புலமையைக் கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் என நான்காகப் பிரித்துக் காட்டினார். உங்கள் விருது இவற்றில் எதையெல்லாம் ஏற்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ள அனுமதியுங்கள். தற்பெருமை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். செல்வாக்குள்ள துறைத்தலைவர் இல்லாதவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

கால அட்டவணையை விழா நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சான்றுரை எழுதவும் கேடயத்தில் பெயர் பொறிக்கவும் 2 வாரம், சரிபார்ப்புக்கு 1, நடுவர்களுக்கு 3, பரிந்துரைகளுக்கு 6. ஆகமொத்தம் 12 வாரம். ஒரு கோப்பைப் படிக்க 20 நிமிடம் என்றால் 30 கோப்புக்கு 10 மணி நேரம். இதை நடுவரை அழைக்கும்போதே சொல்லிவிட்டால், படிக்காமல் வந்து உட்காருபவர் குறைவார்.

மதிப்பெண் போடும் முறையில் இரண்டு செய்தி. ஒரு குணத்தில் அசத்துபவருக்கு மற்றவற்றிலும் நாம் அறியாமலே அள்ளிக்கொடுக்கிறோம். உளவியலாளர் தார்ன்டைக் 1920இல் 'ஒளிவட்ட விளைவு' என்று சொன்னது இதைத்தான். ஆகவே ஒரு கோப்பை முழுதாக முடித்து அடுத்ததற்குப் போகாமல், எல்லாக் கோப்புகளிலும் முதல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு இரண்டாவதற்குப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது கூட்டல். மூன்று நடுவர்கள், அ, ஆ என்று இரண்டு போட்டியாளர்கள். முதலாம் நடுவர் அ-வுக்கு 9, ஆ-வுக்கு 8 போடுகிறார். இரண்டாமவர் 8, 7. மூன்றாமவர் மட்டும் 3, 9. கூட்டினால் அ 20, ஆ 24. மூவரில் இருவர் அ-வைத்தான் விரும்பினார்கள், ஆனால் விருது ஆ-வுக்கு! மதிப்பெண்ணை அகல வீசுபவரின் கையில் முடிவு போய்விடுகிறது. தரவரிசையாக மாற்றிக் கூட்டினால் அ முந்துவார். ஆனாலும் அந்த 3 ஏன் என்று கேட்காமல் விடாதீர்கள். மற்ற இருவர் கவனிக்காத ஒன்றை அவர் பார்த்திருக்கலாம்.

தன் ஆய்வு மாணவர் போட்டியில் இருந்தால் நடுவர் அந்தப் பிரிவு முடியும்வரை அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். வாக்களிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது போதாது. அவர் முகத்துக்காகவே மற்றவர்கள் மென்று விழுங்குவார்கள். தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருதை நிறுத்திவைக்கலாம் என்ற விதியும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்.

ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற சரிபார்ப்பு, இறுதிப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும், அவர்கள் ஒப்புதலோடு. பதில் 'தடை உண்டு', 'இல்லை' என்ற அளவில் உங்களுக்கு மட்டும் வந்தால் போதும்.

மேடைச் சான்றுரை 60 சொல்லைத் தாண்ட வேண்டாம். வாசிக்க 40 விநாடி, ஏறி இறங்கிப் படமெடுக்க இன்னொரு 40. 20 பேர் என்றால் கிட்டத்தட்ட 27 நிமிடம். கிடைக்காதவர்களுக்கு விழாவுக்கு முன்பே கடிதம் போய்ச் சேரட்டும், அரங்கில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வைக்காதீர்கள். பெறுபவர் தன் பெயரை எப்படி எழுதுகிறார், எப்படி உச்சரிக்கிறார் என்று அவரிடமே கேட்டு வாங்கி, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை அவர் கண்ணில் காட்டிவிடுங்கள். முன்னெழுத்து மாறிய கேடயத்தை விழா மேடையில் திருத்த முடியாது.

அன்புடன்,
உங்களுக்கு முன் இந்தக் கோப்புகளைப் புரட்டியவர்களில் ஒருவர்